சவுக்குக் காயும் கூம்பு மரங்களின் வித்தும்

மணப்பாறைச் சந்தைக்கு மாடு பிடிக்கச் செல்லும் குடியானவர் எவரும் கண்ணை மூடிக்கொண்டு கயிற்றை வாங்கி வருவதில்லை. பல்லைப் பார்க்கிறார், சுழி பார்க்கிறார், குளம்பையும் திமிலையும் தடவிப் பார்க்கிறார், இன்ன ஊர்ப் பசுவின் கன்று என்று விசாரித்தும் அறிகிறார். ஆனால், மூன்று நான்கு ஆண்டுகள் தம் நிலத்தை அடைத்துக்கொண்டு நிற்கப்போகும் சவுக்குத் தோப்புக்கு வித்தோ நாற்றோ வாங்கும்போது, அதன் தாய்மரம் எது, தந்தைமரம் எது என்று கேட்பவர் மிகச் சிலரே. மாடு சரியில்லையென்றால் அடுத்த சந்தையில் மாற்றிக்கொள்ளலாம். தோப்பு சரியில்லையென்று தெரியவருவதோ இரண்டாம் ஆண்டின் முடிவில்தான். அப்பொழுது மாற்றுவதற்கு வழியில்லை.

மணப்பாறை வட்டத்தைச் சேர்ந்த மொண்டிப்பட்டியில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தின் இரண்டாவது ஆலை 2016-ஆம் ஆண்டில் அட்டை உற்பத்தியைத் தொடங்கியது. காகிதக் கூழுக்கு ஏற்ற சவுக்கும் தைலமரமும் பயிரிடுவது இப்பக்கத்துக் கிணற்றுப் பாசனக்காரர்களுக்குக் கவனிக்கத்தக்க தொழிலாயிற்று. ஆதலின், சவுக்கில் வித்து எங்ஙனம் உண்டாகிறது என்பதை அறிவது வெறும் தாவர நூற் கல்வியன்று. பணத்தையும் நிலத்தையும் தொட்ட விஷயமாகும். சவுக்குக் காய் கூம்பு வடிவாயிருப்பதால் அதனை மலைநாட்டு ஊசியிலை மரங்களோடு ஒன்றாக எண்ணுவோர் பலர். எனவே முதலில் உண்மையான கூம்பு மரங்கள் வித்தீனும் முறையைக் கூறி, பின்னர் சவுக்கின் முறையை விளக்கி, இறுதியில் விவசாயிகள் கைக்கொள்ள வேண்டியவற்றைத் தெரிவிப்போம்.

கூம்பு மரங்கள் எவை?

தாவரங்களில் வித்துடையவற்றை அறிஞர் இரு பெரும் பிரிவாக வகுப்பர். மா, புளி, நெல், கடலை முதலியவற்றில் வித்து ஒரு காயின் அல்லது கனியின் உள்ளே மூடப்பட்டிருக்கும். இவை வித்து மூடிய தாவரங்கள். மற்றொரு பிரிவில் வித்துக்கு அவ்வாறு மூடிய அறை இல்லை. மரத்தின் செதில் ஒன்றின்மேல் அது வெளிப்படையாக அமர்ந்திருக்கும். இவை வித்து வெளிப்பட்ட தாவரங்கள். பைன், தேவதாரு, சைப்ரஸ் முதலிய கூம்பு மரங்கள் இப்பிரிவைச் சேர்ந்தவை.

நம் நாட்டில் இம்மரங்களின் பெருங்காடுகள் இமயமலைச் சரிவுகளில் உள்ளன. தமிழ்நாட்டில் கோடைக்கானலிலும் நீலகிரியிலும் காணப்படும் பைன், சைப்ரஸ் தோப்புகள் வெளிநாடுகளிலிருந்தும் வட இந்தியாவிலிருந்தும் கொணர்ந்து நட்டு வளர்க்கப்பட்டவை. தென்னிந்தியாவின் மழைக்காடுகளில் இயற்கையாகவே வளரும் கூம்பு இனம் ஒன்றுதான். அது மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் உள்ள நாகேயா என்னும் மரம். அதிலும் பைன் மரத்தைப்போல் கட்டைக் கூம்பு உண்டாவதில்லை. சிறு பழம்போன்ற ஒற்றை வித்தே உண்டாகிறது. சமவெளியில் உள்ளவர்கள் கூம்பைக் கண்டறிய விரும்பினால், பூந்தோட்டங்களில் அழகுக்காக வைக்கும் துஜாச் செடியைப் பார்க்கலாம். அதன் கிளைகளில் சாம்பல் பூத்த பச்சை நிறத்தில் சிறிய கூம்புகள் தோன்றி, முற்றியபின் பழுப்பாகிப் பிளக்கும். உலர்பழக் கடைகளில் சில்கோஜா என்று விற்கப்படும் நீண்ட பருப்பும் இமயத்துப் பைன் ஒன்றின் வித்தேயாகும்.

பைன் மரத்தில் வித்து உண்டாகும் விதம்

பைன் மரத்தில் ஆண் கூம்பு வேறு, பெண் கூம்பு வேறு. இரண்டும் ஒரே மரத்திலேயே உண்டாகும். ஆண் கூம்புகள் சிறியவை, மென்மையானவை, கொத்துக் கொத்தாகத் தோன்றிப் பூந்தாதைச் சொரிந்துவிட்டு உதிர்ந்துபோகும். நாம் கையிலெடுத்துப் பார்க்கும் கட்டைபோன்ற கூம்பு பெண் கூம்பாகும். பெண் கூம்புகள் பெரும்பாலும் மரத்தின் மேற்கிளைகளிலும், ஆண் கூம்புகள் கீழ்க்கிளைகளிலும் தோன்றுதல் இயல்பு. தன் தாது தன்மேலேயே விழுவது இவ்வமைப்பினால் ஓரளவு குறைகிறது.

பெண் கூம்பில் செதில்கள் திருகு வரிசையாக அமைந்திருக்கும். ஒவ்வொரு செதிலின் மேற்புறத்திலும் இரண்டு சூல்கள் உண்டு. தாது பறக்கும் பருவத்தில் இளங்கூம்பின் செதில்கள் சிறிது விலகி நிற்கும். பைன் தாதின் ஒவ்வொரு மணியிலும் காற்றடைத்த இரு சிறு பைகள் உண்டு. அவற்றின் உதவியால் அது காற்றில் நெடுந்தூரம் மிதந்து செல்லும். செதில்களுக்கிடையே நுழைந்த தாதைப் பிடிப்பதற்குச் சூலின் வாயில் பசையுள்ள ஒரு நீர்த்துளி சுரந்து நிற்கிறது. அத்துளியில் ஒட்டிய தாது, துளி உள்வாங்கும்போது சூலுக்குள் இழுத்துக்கொள்ளப்படுகிறது. பிறகு செதில்கள் நெருங்கி மூடிக்கொள்கின்றன.

இதற்குப்பின் நடப்பதே வியப்புக்குரியது. மூடிய கூம்புக்குள் தாதிலிருந்து ஒரு நுண்ணிய குழல் தோன்றி, மிக மெதுவாக வளர்ந்து, குளிர்காலம் முழுவதும் ஓய்ந்து கிடந்து, ஏறக்குறைய ஓராண்டு கழிந்த பின்னரே சூலின் கருமுட்டையை அடைகிறது. அதன்பின் கரு உண்டாகி, வித்து முதிர்ந்து, கூம்பு கட்டையாகிறது. ஆகவே பைன் கூம்பு தோன்றியது முதல் முற்றுவது வரை ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் செல்லும். ஒரே கிளையில் நுனியில் இவ்வாண்டின் சிறு கூம்பும், அதற்குப் பின்னே சென்ற ஆண்டின் பச்சைக் கூம்பும், இன்னும் பின்னே முற்றித் திறந்த பழங்கூம்பும் இருக்கக் காணலாம்.

நெல்லுக்கும் பைனுக்கும் இடையே மற்றொரு வேற்றுமையும் உண்டு. நெல்லில் முளைக்கு உணவாகும் மாவுப் பகுதி, தாது சேர்ந்த பிறகே உண்டாகத் தொடங்குகிறது. வித்து மூடிய தாவரங்களில் தாதின் ஒரு பங்கு முளையையும், மற்றொரு பங்கு உணவுப் பகுதியையும் உண்டாக்கும் இவ்விரட்டைச் செயலை ருஷ்ய அறிஞர் நவாஷின் 1898-இல் வெளியிட்டார். பைன் மரத்திலோ கருவுறுதலுக்கு முன்னரே அவ்வுணவுப் பகுதி அமைந்துவிடுகிறது.

முற்றிய கூம்பின் செதில்கள் உலர்ந்த காலத்தில் விரியும். ஈரக் காலத்தில் மூடும். செதிலின் வெளிப்புற அடுக்கு, உட்புற அடுக்கைவிட அதிகமாகச் சுருங்கி விரிவதே இதற்குக் காரணம். மரத்திலிருந்து விழுந்த பழைய கூம்பையும் நீரில் இட்டால் அது மூடிக்கொள்ளும். வெயிலில் வைத்தால் மீண்டும் திறக்கும். செதில் விரிந்தவுடன் மெல்லிய சிறகுடன் கூடிய வித்து காற்றில் சுழன்று பறந்து தாய்மரத்துக்கு அப்பால் விழும். சில பைன் இனங்களின் கூம்பு பிசினால் ஒட்டப்பெற்றுப் பல ஆண்டுகள் மூடியே இருந்து, காட்டுத்தீயின் வெப்பத்தாலன்றித் திறவாது.

சவுக்கு கூம்பு மரமா?

சவுக்கு மரத்தைப் பார்த்தால் ஊசியிலை. காயைப் பார்த்தால் கூம்பு. ஆயினும் அது கூம்பு மரவகையைச் சேர்ந்ததன்று. அதன் ஊசிகள் இலைகளல்ல. பச்சை நிறமான மெல்லிய கிளைகளே. ஓர் ஊசியைக் கையிலெடுத்து மெல்ல இழுத்தால், கணுக் கணுவாகக் கழன்று வரும். ஒவ்வொரு கணுவிலும் வட்டமாக நிற்கும் நுண்ணிய பற்களே சவுக்கின் உண்மையான இலைகள். இப்பற்களை எண்ணுவதால் ஒரு பயனும் உண்டு. நம் கடற்கரையில் நெடுங்காலமாகப் பயிராகும் நாட்டுச் சவுக்கில் பெரும்பாலும் ஏழு அல்லது எட்டுப் பற்கள் காணப்படும். ஜாவா, திமோர் முதலிய தீவுகளுக்குரிய ஜுங்குனியானா என்னும் சவுக்கில் ஒன்பது முதல் பதினொன்று வரை இருக்கும். நாற்று விற்பவர் கூறும் பெயர் மெய்யா என்று அறிய ஒரு சிறிய பூதக்கண்ணாடி போதுமானது.

சவுக்கின் காய் அறிஞரையே ஒரு காலத்தில் மயக்கியதுண்டு. ஜாவாவில் தாவரத் தோட்டம் ஒன்றின் தலைவராயிருந்த டச்சு அறிஞர் மெல்கியோர் ட்ரூப், சவுக்கின் தாதுக்குழல் பிற பூஞ்செடிகளைப்போல் சூலின் வாய் வழியாக நுழையாமல் அடிப்புறத்தின் வழியாக நுழைகிறது என்பதை 1891-இல் வெளியிட்டார். அதனால் சவுக்கை மற்றப் பூஞ்செடிகளிலிருந்து பிரித்துத் தனிப் பிரிவாக வைக்கவேண்டும் என்றும் கருதினார். பின்னர் இவ்வியல்பு வேறு சில மரங்களிலும் காணப்பட்டது. இக்காலத்தில் சவுக்கு, ஓக், பூர்ச்சம் முதலிய மரங்களின் வரிசையில் வைத்து எண்ணப்படும் வித்து மூடிய மரமேயாகும்.

சவுக்கில் வித்து உண்டாகும் விதம்

நாட்டுச் சவுக்கில் ஆண் மரம் என்றும், பெண் மரம் என்றும், இருவகைப் பூக்களும் கொண்ட மரம் என்றும் மூவகை காணப்படும். ஜுங்குனியானாவில் ஆணும் பெண்ணும் தனித்தனி மரங்களாகவே இருப்பது வழக்கம். ஆண் பூக்கள் ஊசிகளின் நுனியில் பழுப்பு நிறக் கதிர்போலத் தோன்றும். ஒவ்வொரு பூவிலும் ஒரே ஒரு கேசரந்தான் உண்டு. பெண் பூக்கள் கிளைகளின் பக்கத்தில் குட்டைக் காம்பின்மேல் சிறு உருண்டையாகக் கூடியிருக்கும். அவ்வுருண்டையிலிருந்து சிவந்த நூல்கள் வெளியே நீண்டு நிற்கும். அந்நூல்களே காற்றில் வரும் தாதை ஏற்கும் உறுப்புகள். இதழும் மணமும் தேனும் இல்லாமையால் தேனீயும் வண்டும் சவுக்குக்கு வேண்டியதில்லை. காற்றே தூது செல்கிறது.

நம் நாட்டில் நாட்டுச் சவுக்கு பெரும்பாலும் ஆண்டுக்கு இருமுறை பூக்கும்: மாசி முதல் சித்திரை வரையிலான காலத்தில் ஒருமுறை, புரட்டாசி, ஐப்பசியில் மற்றொருமுறை. காய்கள் முறையே ஆனியிலும் மார்கழியிலும் முற்றுதல் பொதுவான வழக்கம். இடத்துக்கும் மழைக்கும் ஏற்ப இது சற்று முன்பின்னாகும். பைன் கூம்பு முற்ற இரண்டாண்டு செல்ல, சவுக்குக் காய்க்குச் சில மாதங்களே போதும்.

ஒவ்வொரு பெண் பூவின் இருபக்கத்திலும் இரண்டு சிறு செதில்கள் உண்டு. சூல் கருவுற்றபின் இச்செதில்கள் தடித்துக் கட்டையாகி, இரு உதடுகள்போல் ஒன்றையொன்று பொருந்தி மூடி, உள்ளேயுள்ள வித்தைக் காக்கின்றன. இத்தகைய பல உதடுகள் ஓர் அச்சைச் சுற்றி நெருங்கி நிற்பதே நாம் சவுக்குக் காய் என்று சொல்வது. அதாவது அது ஒரே காயன்று. பல பூக்களின் பல காய்கள் கூடிய கொத்து. காய் முற்றி உலர்ந்தவுடன் உதடுகள் பறவையின் அலகுபோலத் திறக்க, ஒவ்வொன்றிலிருந்தும் சிறகுள்ள ஒரு மணி வெளிவரும். நாம் வித்து என்று வாங்கும் அம்மணி, உண்மையில் வித்தை உள்ளடக்கிய மெல்லிய உலர்காயே. பைனில் ஒரு செதிலுக்கு இரண்டு வித்து வெளிப்படையாக அமைந்திருக்க, சவுக்கில் ஒரு ஜோடி உதட்டுக்கு ஒரு மணி, அதுவும் காயுறையால் மூடப்பட்டதாக இருக்கிறது. இதுவே இரண்டுக்கும் உள்ள அடிப்படை வேற்றுமை.

இம்மணி மிகச் சிறியது. நாட்டுச் சவுக்கில் ஒரு கிராம் எடையில் ஏறக்குறைய 600 முதல் 700 மணிகள் இருக்கும். ஜுங்குனியானாவின் மணி இதனினும் சிறிது. வித்தினுள் முளைக்கென்று தனியாகச் சேர்த்துவைத்த மாவுப் பகுதி கிடையாது. முளையின் இரு பருப்புகளில் உள்ள சிறிதளவு உணவே அதற்கு ஆதாரம். அதனால்தான் சவுக்கு வித்து நெடுநாள் உயிரோடிருப்பதில்லை. ஆழத்தில் புதைத்தால் மேலெழுந்து வருவதுமில்லை.

வித்துக்குத் தாய்மரம் தெரிந்தெடுத்தல்

மேற்கூறியவற்றிலிருந்து விவசாயி அறியவேண்டிய முதல் உண்மை இது: சவுக்கு வித்தின் குணத்தில் பாதி, நாம் காய் பறிக்கும் மரத்திலிருந்து வருகிறது, மற்றப் பாதி, காற்று எந்தத் திசையிலிருந்தோ கொண்டுவந்த தாதிலிருந்து வருகிறது. நல்ல பெண் மரத்தைச் சுற்றிலும் கோணலும் கவட்டையுமான ஆண் மரங்கள் நின்றால், அதன் வித்தும் கலப்புடையதாகவே இருக்கும்.

இரண்டாவது உண்மை இன்னும் முக்கியமானது. நேராகவும் விரைவாகவும் ஓங்கி வளர்ந்த மரங்கள் மூன்று நான்கு ஆண்டுகளில் வெட்டுண்டு வண்டியேறிவிடுகின்றன. சவுக்கு நன்றாகக் காய்க்கத் தொடங்குவதும் ஏறத்தாழ அப்பருவத்திலேதான். வெட்டாமல் மிஞ்சி நிற்பவை வேலியோரத்து மரங்களும், விலைபோகாத குட்டை மரங்களும், பல கிளைவிட்டுப் படர்ந்த மரங்களுமே. கையெட்டும் உயரத்தில் காய் மிகுதியாகக் கிடைப்பதும் அவற்றில்தான். கூலிக்குக் காய் பறிப்பவர் எளிதாகப் பறிக்கக்கூடிய மரத்தையே நாடுவது இயல்பு. இவ்வாறு ஒவ்வொரு தலைமுறையிலும் நல்ல மரம் சந்தைக்கும், தாழ்ந்த மரம் நாற்றங்காலுக்கும் போகுமானால், நாளடைவில் சவுக்கின் ஜாதியே தேய்ந்துபோகும். பொலிகாளையை விற்றுவிட்டுச் சோணிக் காளையைப் பசுவுக்கு விடுவது போன்ற செயல் இது.

ஆகையால் சொந்தத்தில் வித்து எடுக்க விரும்புவோர், தோப்பை வெட்டும்போது ஒரு மூலையில் நல்ல மரங்களை விட்டுவைக்க வேண்டும். தண்டு நேராகவும், கிளைகள் மெல்லியவாகவும், நோயற்றும், பக்கத்து மரங்களைவிட உயர்ந்தும் பருத்தும் உள்ள மரங்களே வித்துக்கு உரியவை. அவ்விடத்திலுள்ள தாழ்ந்த மரங்களை, ஆணாயினும் பெண்ணாயினும், பூப்பதற்கு முன்னரே அகற்றிவிட வேண்டும். இரண்டொரு மரத்தின் வித்தை மட்டும் கொள்ளுதல் தகாது. நெருங்கிய உறவு மரங்கள் தமக்குள் கூடினால் சந்ததி வலிமை குன்றும். 20-க்குக் குறையாத பெண் மரங்களிலிருந்து ஏறத்தாழச் சம அளவில் காய் பறித்துக் கலந்துகொள்வது நன்று.

காய் பறித்தலும் உலர்த்தலும்

காய் பச்சை நிறம் மாறி இளம்பழுப்பாகும் தருணமே பறிப்பதற்கு உரிய காலம். முழுப் பச்சையாயிருக்கும்போது பறித்தால் வித்து முதிர்ச்சியடைந்திராது. உதடுகள் திறந்தபின் பறித்தால் வித்து ஏற்கெனவே பறந்துபோயிருக்கும். வெறுங்காயே கைக்கு வரும். ஒரே மரத்திலும் எல்லாக் காய்களும் ஒரே நாளில் முற்றுவதில்லையாதலால், நிறம் பார்த்து இரண்டு மூன்று தடவையாகப் பறித்தல் வேண்டும். காய்க்காகக் கிளையை ஒடித்தல் அடுத்த பருவத்துக் காய்ப்பைக் கெடுக்கும்.

பறித்த காய்களைக் குவித்துவைத்தால் வெப்பம் ஏறிப் பூசணம் பிடிக்கும். களத்தில் துணி அல்லது தார்ப்பாயின்மேல் மெல்லியதாகப் பரப்பி, காற்றில் வித்து பறந்துபோகாதபடி மேலே மெல்லிய துணி அல்லது வலையைப் போர்த்தி, இரண்டு மூன்று நாள் வெயிலில் உலர்த்தினால் உதடுகள் திறந்து வித்து தானாகவே உதிரும். இரவில் பனி படாமல் உள்ளே எடுத்துவைக்க வேண்டும். காயை உலக்கையால் இடித்தோ தடியால் அடித்தோ வித்தெடுத்தால் மணிகள் சிதைந்துபோகும். உதிர்ந்ததைச் சல்லடையிலிட்டுச் சலித்துத் தூசும் செதிலும் நீக்கிக்கொள்ளலாம்.

இவ்வேலையில் பெரும் பகைவர் எறும்புகள். உலர்த்தும் களத்திலும் நாற்றங்காலிலும் அவை சவுக்கு வித்தை இரவோடிரவாகத் தூக்கிச் சென்றுவிடும். முளைக்காத வித்தென்று குறைகூறப்படுவதில் ஒரு பகுதி எறும்புப் புற்றிலே கிடப்பதாகும். காய் பரப்பும் இடத்தைச் சுற்றிச் சாம்பல் தூவியோ, நீர் நிறைந்த சிறு வாய்க்கால் விட்டோ, எறும்புக்கொல்லித் தூள் இட்டோ காக்க வேண்டும்.

வித்தைப் புதிதாகவே விதைத்தல் உத்தமம். சாதாரண அறையில் வைத்த வித்து சில மாதங்களிலேயே முளைப்புத்திறனை இழக்கத் தொடங்கும். சேமிக்க நேர்ந்தால் நன்கு உலர்த்தி, காற்றுப் புகாத பாத்திரத்தில் அடைத்துக் குளிர்ந்த இடத்தில் வைக்கவேண்டும். விலைக்கு வாங்குவோர் பறித்த மாதத்தைக் கேட்டறிவதோடு, 100 மணிகளை எண்ணி ஈரத்துணியில் பரப்பி, உலராதபடி காத்து, இரண்டு வாரத்தில் எத்தனை முளைத்தன என்று பார்த்துக்கொள்வது நலம். நல்ல புதிய சவுக்கு வித்திலும் பாதிக்குமேல் முளைத்தால் திருப்தியடையலாம். ஏனெனில், பதர் கலந்திருத்தல் இவ்வினத்தின் இயல்பு.

வித்து நாற்றா, குளோன் நாற்றா?

கோயம்புத்தூரில் உள்ள வன மரபியல் மற்றும் மர வளர்ப்பு நிறுவனம் சவுக்கில் வித்துத் தோட்டங்களை அமைத்தும், சிறந்த மரங்களைத் தெரிந்தெடுத்தும், நாட்டுச் சவுக்கையும் ஜுங்குனியானாவையும் கலந்தும் புதிய வகைகளை வெளியிட்டுள்ளது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியும் இத்துறையில் உழைத்து வருகிறது. சிறந்த மரத்தின் இளங்கொம்பு நுனிகளை வெட்டி, வேரூக்கிப் பொடியில் தோய்த்து, ஈரக் கூடாரத்தில் வேர்பிடிக்கச் செய்து பெறும் நாற்றைக் குளோன் நாற்று என்பர். அதற்குத் தாய்மரத்தின் குணம் அப்படியே அமையும். காற்றின் தூது அங்கே இல்லை. ஆதலால் தோப்பு ஒரே சீராக வளரும்.

மணப்பாறைப் பக்கத்துச் செம்மண்ணுக்கும் வறட்சிக்கும் ஜுங்குனியானாவும் அதன் கலப்பினங்களும் நாட்டுச் சவுக்கினும் ஏற்றவை. நாட்டுச் சவுக்கைப் பட்டை கொப்புளித்து வாடச் செய்யும் பூசண நோயையும் ஜுங்குனியானா நன்கு தாங்குகிறது. ஆயினும் எவ்வகையாயினும் நீர் தேங்கும் களிமண் தரை சவுக்குக்கு ஆகாது. முதலாண்டில் பாசன வசதியும் அவசியம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. குளோன் தோப்பிலிருந்து காய் பறித்து வித்தெடுத்து, அதே நல்ல ஜாதி கிடைக்குமென்று எண்ணுவது தவறு. ஒரு குளோனின் மரங்கள் யாவும் ஒரே பாலாக இருத்தல் கூடும். ஆண் குளோனாயின் காயே உண்டாகாது. பெண் குளோனாயின், அருகே ஆண் மரம் இல்லாவிடில் வித்து பதராகவே போகலாம்; அயல் வயலின் தாது வந்து சேர்ந்தாலோ சந்ததி கலப்படமாகும். கலப்பினத்தின் வித்து பெற்றோரின் குணங்களைச் சிதறடித்துப் பல தரமான நாற்றுகளைத் தரும். ஆகவே குளோன் வேண்டுவோர் ஒவ்வொரு முறையும் நம்பகமான நாற்றங்காலில் நாற்றையே வாங்க வேண்டும். வித்தெடுக்க விரும்புவோர் பல குடும்ப மரங்கள் கலந்த நல்ல தோப்பையே நாட வேண்டும். பெருநிலம் உடையோர் முழுவதும் ஒரே குளோனை நடாமல் மூன்று நான்கு குளோன்களைப் பாத்தி பிரித்து நடுவார்களாயின், ஒரு நோய் வந்தாலும் அனைத்தும் ஒருங்கே அழியாது.

நாற்றங்கால்

மேட்டுப்பாத்தியில் மணல் கலந்த மண்ணைப் பரப்பி, வித்தை மணலோடு கலந்து தூவி, மெல்லிய மண் போர்வை இட்டு, வைக்கோலால் மூடிப் பூவாளியால் நீர் தெளித்தல் வேண்டும். ஒரு வாரம் பத்து நாளில் முளை தோன்றியவுடன் வைக்கோலை நீக்கிவிட வேண்டும். நான்கு முதல் ஆறு வாரத்தில், விரற்கடை உயரம் கடந்த நாற்றுகளைப் பைகளுக்கு மாற்றி, ஓர் அடிக்குமேல் வளர்ந்தபின் மழைக்காலத் தொடக்கத்தில் வயலில் நடலாம்.

சவுக்கின் வேரில் பவளக்கொத்துப் போன்ற முடிச்சுகள் உண்டு. அவற்றில் வாழும் பிரான்கியா என்னும் நுண்ணுயிர், நிலக்கடலை வேரிலுள்ள உயிரைப்போலவே காற்றிலுள்ள தழைச்சத்தைப் பயிருக்கு ஆக்கித் தருகிறது. சவுக்கே அறியாத புதுநிலத்தில் இவ்வுயிர் இல்லாமையால் நாற்று வெளிறி நிற்கும். நோயில்லாத பழந்தோப்பின் அடிமண்ணைச் சிறிது நாற்றங்கால் மண்ணில் கலந்தாலும், ஆராய்ச்சி நிலையம் தரும் பிரான்கியா உரத்தை இட்டாலும் இக்குறை நீங்கும்.

கணக்கைச் சற்றே பார்ப்போம். ஒன்றரை மீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு ஏறக்குறைய 1,800 நாற்றுகள் வேண்டும். பத்து கிராம் நாட்டுச் சவுக்கு வித்தில் 6,000 மணிகளுக்குக் குறையாமல் இருக்கும். அதில் பாதி முளைத்து, முளைத்தவற்றில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டாலும் 2,000 நாற்று மிஞ்சும். ஓர் ஏக்கர் தோப்பின் கதி பத்து கிராம் வித்தில் அடங்கியிருக்கிறதென்றால், அவ்வித்தில் விலை குறைவை நாடுவது விவேகமாகாது. நலிந்த நாற்றுகளைத் தயங்காமல் கழிக்கவும் இம்மிகுதி இடம் தருகிறது.

கிராம அதிகாரிகள் கவனிக்க

முன்னாளில் முன்சீப்பும் கர்ணமும், 1980-க்குப் பின்னர் கிராம நிர்வாக அலுவலர்களும், அடங்கலில் பயிர்க் கணக்கு எழுதி வருகின்றனர். சவுக்கு எழுதும்போது நட்ட மாதத்தையும் பரப்பையும் தவறாது குறித்தல் உடையவருக்கும், புயலோ தீயோ நேர்ந்தால் சேத மதிப்புச் செய்வோருக்கும் உதவியாகும். ஊரில் நல்ல வித்துமரங்கள் நிற்கும் இடங்களை விசாரித்து அறிந்து, நாற்றங்கால் வைப்போருக்குத் தெரிவிப்பதும், ஏரிக்கரை, புறம்போக்கு முதலிய பொது இடங்களில் நிற்கும் சிறந்த மரங்கள் முதலில் வெட்டுண்ணாமல் காப்பதும் ஊருக்குச் செய்யும் நன்மையாம்.

சுருக்கம்

1. சவுக்கு, பைன்போன்ற கூம்பு மரமன்று. அதன் கூம்பு, பல சிறு காய்கள் கூடிய கொத்து.

2. தாதைக் கொணர்வது காற்று. ஆகவே தாய்மரத்தோடு அதன் அயல் மரங்களையும் பார்த்தே வித்தெடுக்க வேண்டும்.

3. நேரான, ஓங்கிய, நோயற்ற மரங்களை வித்துக்கென நிறுத்திவைத்து, 20-க்குக் குறையாத மரங்களின் காயைக் கலந்துகொள்ளவேண்டும்.

4. காய் இளம்பழுப்பாகும்போது பறித்து, மெல்லப் பரப்பி உலர்த்தி, எறும்பிலிருந்து காத்து, வித்தைப் புதிதாகவே விதைக்கவேண்டும்.

5. குளோன் தோப்பின் காயிலிருந்து வித்தெடுத்தல் கூடாது.

6. சவுக்கு அறியாத நிலத்துக்குப் பிரான்கியா கலந்த நாற்றையே கொண்டுசெல்ல வேண்டும்.

வரும் ஆனியில் காய் முற்றுமுன், தத்தம் தோப்பிலுள்ள மரங்களை ஒருமுறை சுற்றிப் பார்த்து, வித்துக்கு நிற்கவேண்டியவற்றுக்குச் சுண்ணாம்புக் குறி இட்டுவைத்தல் நன்று. வெட்டுக்கூலியாட்கள் வந்து இறங்கியபின் மரம் தேடுவதில் பயனில்லை.